பந்தய விகிதம் சொல்வதும் சொல்லாததும்



திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாற்றை அடுத்து, பொழியூர் என்றொரு கடற்கரை ஊர் உண்டு. ஆற்று நீரைக் கடலினின்றும் பிரித்து நிற்கும் மணல்திட்டு உடைபட்டு வழிவிடும் இடத்தைப் 'பொழி' என்று அப்பகுதி மக்கள் வழங்குவர். ஊரை அடுத்துள்ள நீரோடி, கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆகவே பாறசாலை, பொழியூர் முதலிய எல்லைப்புறங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், பிழைப்புத் தேடிப் புறப்பட்டுச் சென்ற உங்களைப் போலன்றி, இருந்த இடத்தில் இருந்தவாறே வெளிமாநிலத் தமிழர் ஆயினர்.

இன்றைய உரையின் பொருள் மொழியும் அன்று, எல்லையும் அன்று. பந்தய விகிதம் என்னும் கணக்கு. கலப்புச் சண்டை எனப்படும் எம்.எம்.ஏ. போட்டிகளின் மேல் பணம் கட்டுமாறு கைபேசி வாயிலாக இளைஞர்களை அழைக்கும் விளம்பரங்களை நீங்கள் கண்டிருக்கலாம். அவ்விளம்பரங்களில் இரண்டு வீரர்களின் படத்திற்குக் கீழே 1.40 என்றும் 3.10 என்றும் சில எண்கள் இருக்கும். அந்த எண்களின் பொருள் யாது? அவை எவ்வாறு பிறக்கின்றன? அவற்றில் யாருடைய பங்கு மறைந்திருக்கிறது? இவற்றை அறியாமல் பணத்தைக் கட்டி இழப்பவர்கள் பலர். அறிந்தவன் கட்டமாட்டான் என்று நான் சொல்லவில்லை. அறிந்தவன் ஏமாறமாட்டான் என்றே சொல்கிறேன்.

ஒரு சாலை, இரண்டு சட்டங்கள்

பந்தயத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பொழியூர்ப் பக்கத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கேரள அரசு 1967-ஆம் ஆண்டில் பரிசுச்சீட்டைத் தொடங்கியது. நம் நாட்டில் ஓர் அரசு தானே நடத்திய முதற் பரிசுச்சீட்டுத் திட்டம் அதுவே. அன்று சீட்டின் விலை 1 ரூபாய். முதற் பரிசு 50,000 ரூபாய். முதற் குலுக்கல் 1968-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் நடைபெற்றது. தமிழ்நாட்டிலும் 1968 முதல் அரசுப் பரிசுச்சீட்டு இருந்தது. 2003-ஆம் ஆண்டு சனவரியில் தமிழக அரசு எல்லாப் பரிசுச்சீட்டுகளையும் தடை செய்தது. இதன் பயனாக, களியக்காவிளையில் நிற்பவருக்குக் குற்றமாக உள்ள சீட்டு, சாலையில் சிறிது தொலைவு நடந்து பாறசாலைப் பக்கம் சேர்ந்தவுடன் அரசாங்க முத்திரையோடு கிடைக்கிறது.

பரிசுச்சீட்டின் கணக்கு எளியது. ஒரு கோடிச் சீட்டுகள் விற்று, முதற் பரிசு ஒன்றே என்று வைத்துக்கொண்டால், ஒரு சீட்டு வாங்கியவருக்கு அப்பரிசு கிடைக்கும் வாய்ப்பு ஒரு கோடியில் ஒன்று. எந்த எண்ணுக்கும் தனிச்சிறப்பு இல்லை. பிறந்த நாளைப் பார்த்து வாங்கினாலும், கண்ணை மூடி எடுத்தாலும் வாய்ப்பு மாறாது. வாங்குபவர் அறிவுக்கு அங்கே வேலையில்லை. அதை வாங்குபவரும் அறிவார்.

சண்டைப் பந்தயம் அத்தகையது அன்று. அங்கே அறிவுக்கு இடம் இருப்பதாகத் தோன்றுகிறது. இன்ன வீரர் பலசாலி, இன்னவருக்குக் கால்வீச்சு நன்று, இன்னவர் மூச்சு வாங்குவார் என்று பார்ப்பவருக்குத் தெரிகிறது. 'எனக்குத் தெரியும்' என்ற எண்ணம் உள்ளத்தில் எழுகிறது. அந்த எண்ணமே இப்பந்தயத்தின் தூண்டில். பொழியூர், சந்தோஷ் கோப்பைக் கால்பந்துக்கு ஆட்டக்காரர்களைத் தந்த ஊர். கடற்கரை மணலில் விளையாடி வளர்ந்த அவ்வூர் இளைஞருக்கு விளையாட்டின் நுட்பம் தெரியாது என்று யாரும் சொல்ல இயலாது. ஆயின் விளையாட்டை அறிவது ஒன்று. விளையாட்டின் மேல் வைக்கப்பட்ட விலையை அறிவது வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

கலப்புச் சண்டை என்பது யாது?

குத்துச்சண்டையில் கையால் மட்டும் அடிக்கலாம். மல்யுத்தத்தில் பிடித்து வீழ்த்தலாம், அடிக்கலாகாது. கலப்புச் சண்டையில் கைக்குத்து, உதை, முழங்கால் அடி, பிடித்து வீழ்த்துதல், தரையில் கழுத்தையோ மூட்டையோ இறுக்கிப் பணியவைத்தல் ஆகிய யாவும் ஒரே களத்தில் அனுமதிக்கப்படுகின்றன. 1993-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்னும் நிறுவனத்தின் முதற் போட்டி நடந்தது. அதில் வென்ற பிரேசில் நாட்டு ராய்ஸ் கிரேசி, தம்மினும் கனத்த வீரர்களைத் தரைப்பிடியால் பணியவைத்து உலகை வியப்பில் ஆழ்த்தினார். பிற்காலத்தில் எடைப்பிரிவு, சுற்று, கையுறை, நடுவர் என்று விதிகள் பெருகின. இன்று வழக்கமான போட்டி 5 நிமிடச் சுற்றுகள் மூன்று. பட்டத்துக்கான போட்டி ஐந்து சுற்று.

குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரத்தின் தென்பகுதியிலும் அடிமுறை, வர்மம், தெற்கன் களரி என்ற பெயர்களில் வழங்கிவரும் பழைய கலையை அறிந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதாகத் தோன்றாது. அடி, தடை, பிடி, பூட்டு என்ற வரிசை அங்கும் உண்டு. இரண்டு மாணாக்கர் எதிரெதிரே நின்றவுடன் ஆசான் அவர்களுடைய சுவட்டையும் மூச்சையும் கண்டு, யார் கை ஓங்கும் என்று உள்ளத்தில் கணிப்பார். பந்தய நிலையமும் அவ்வாறே கணிக்கிறது. ஆனால் ஆசானின் கணிப்பு மாணாக்கனைத் திருத்துவதற்கு. நிலையத்தின் கணிப்பு விற்பதற்கு.

எண்ணைப் படிக்கும் முறை

பந்தய விகிதத்தை மூன்று வகையாக எழுதுவர். மூன்றும் ஒரே செய்தியையே மூன்று மொழியில் சொல்வன.

முதல் வகை, தசம முறை. வீரர் ஒருவருக்கு 1.40 என்று இருந்தால், 100 ரூபாய் கட்டி அவர் வென்றால் 140 ரூபாய் திரும்பக் கிடைக்கும். அதில் 100 ரூபாய் நம்முடைய கைமுதல். ஆதாயம் 40 ரூபாய். எதிர்த்து நிற்பவருக்கு 3.10 என்றால், 100 ரூபாய்க்கு 310 ரூபாய் கிடைக்கும். ஆதாயம் 210 ரூபாய். எண் சிறிதாயின் வெல்வார் என்று எதிர்பார்க்கப்படுபவர். எண் பெரிதாயின் தோற்பார் என்று எதிர்பார்க்கப்படுபவர்.

இரண்டாம் வகை, பின்ன முறை. இது இங்கிலாந்தின் குதிரைப் பந்தய வழக்கு. மேற்சொன்ன முதல் வீரருக்கு 2/5 என்று எழுதுவர். அதாவது 5 கட்டினால் ஆதாயம் 2. இரண்டாமவருக்கு 21/10, 10 கட்டினால் ஆதாயம் 21.

மூன்றாம் வகை, அமெரிக்க முறை. கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இட்டு எழுதுவது. முதல் வீரருக்கு −250. அதாவது 100 டாலர் ஆதாயம் பெற 250 டாலர் கட்டவேண்டும். இரண்டாமவருக்கு +210, அதாவது 100 டாலர் கட்டினால் ஆதாயம் 210 டாலர். கலப்புச் சண்டை அமெரிக்காவில் வளர்ந்ததாதலின் பத்திரிகைகளில் இம்முறையே மிகுதியாகக் காணப்படும்.

இனி, இவ்வெண்ணிலிருந்து வாய்ப்பைக் கண்டறியும் வழி. தசம எண்ணால் 100-ஐ வகுக்கவேண்டும். 100-ஐ 1.40-ஆல் வகுத்தால் 71.43. 100-ஐ 3.10-ஆல் வகுத்தால் 32.26. அதாவது முதல் வீரர் 100-இல் ஏறக்குறைய 71 முறை வெல்வார் என்றும், இரண்டாமவர் 32 முறை வெல்வார் என்றும் அந்த விலைகள் கூறுகின்றன.

இதையே வேறு வகையாகவும் சொல்லலாம். 1.40 என்ற விலையில் எப்போதும் பணம் கட்டுகிறவர், 7 முறையில் 5 முறை வென்றால்தான் கைமுதல் கையில் நிற்கும். 7-இல் 4 முறை சரியாகச் சொல்பவரை ஊரார் 'கெட்டிக்காரர்' என்று புகழ்வர். ஆனால் அவர் பணத்தை இழந்துகொண்டிருப்பார். பாதிக்கு மேல் சரியாகச் சொல்லியும் பணம் ஏன் கரைகிறது என்று திகைப்பவர்களுக்கு விடை இதுவே.

மறைந்திருக்கும் பங்கு

கவனமுள்ள நேயர் இதற்குள் ஒன்றைக் கண்டிருப்பார். 71.43-ஐயும் 32.26-ஐயும் கூட்டினால் 103.69 வருகிறது. இருவரில் ஒருவர்தாம் வெல்ல முடியுமாயின், மொத்த வாய்ப்பு 100-க்கு மேல் எவ்வாறு போகும்? போகாது. மிகுந்து நிற்கும் 3.69, பந்தய நிலையத்தின் பங்கு.

இது செயற்படும் விதத்தைப் பார்ப்போம். முதல் வீரர் மேல் மக்கள் மொத்தம் 7,143 ரூபாயும், இரண்டாமவர் மேல் 3,226 ரூபாயும் கட்டினார்கள் என்று கொள்வோம். வசூல் 10,369 ரூபாய். முதல்வர் வென்றால் நிலையம் கொடுக்கவேண்டியது ஏறக்குறைய 10,000 ரூபாய். இரண்டாமவர் வென்றாலும் ஏறக்குறைய அதே 10,000 ரூபாய். யார் வென்றாலும் 369 ரூபாய் நிலையத்தில் தங்கிவிடும். களத்தில் எவர் முகம் உடைந்தாலும், நிலையத்தின் கல்லாவுக்குக் காயமில்லை.

100-க்கு மூன்றரை ரூபாய் பெரிதா என்று சிலர் கேட்கலாம். ஒருமுறை கட்டினால் பெரிதன்று. ஆனால் பந்தயம் ஒருமுறையோடு நிற்பதில்லை. கிடைத்ததை மீண்டும் கட்டுவதே அதன் இயல்பு. ஓர் ஊரில் பலர் கையில் சேர்ந்து ஒரு இலட்சம் ரூபாய் இருக்கிறது. அது முழுவதும் பந்தயத்தில் சுற்றுகிறது. வென்றவர் பணமும் மறுபடியும் பந்தயத்துக்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மேற்சொன்ன பங்கு கழியும். 50 சுற்று முடியும்போது அந்த ஊரில் சராசரியாக எஞ்சுவது ஏறக்குறைய 16,300 ரூபாய். எவரும் திருடவில்லை; எந்தப் போட்டியிலும் சூழ்ச்சியில்லை; ஆயினும் ஊர்ப் பணம் 83,000 ரூபாய்க்கு மேல் ஊரைவிட்டுப் போயிற்று.

மேலும் ஒரு வலை உண்டு. பல போட்டிகளை ஒன்றாகச் சேர்த்து, எல்லாவற்றிலும் நாம் சொன்னவரே வென்றால் பெருந்தொகை தருவதாகச் சொல்லும் தொடர்ப் பந்தயம் அது. 1.40 விலையுள்ள ஐந்து வீரர்களைச் சேர்த்தால் 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 538 ரூபாய் என்று காட்டும். ஐவரும் பலசாலிகள், எனவே எளிது என்று தோன்றும். நிலையத்தின் பங்கைக் கழித்துப் பார்த்தால் ஒவ்வொருவரும் வெல்லும் வாய்ப்பு 100-இல் ஏறக்குறைய 69. ஐவரும் ஒருங்கே வெல்லும் வாய்ப்போ 100-இல் 15 அல்லது 16. எஞ்சிய 84 முறையும் கட்டிய பணம் முழுவதும் போகும். தனிப் பந்தயத்தில் ரூபாய்க்கு மூன்றரைக் காசாக இருந்த நிலையத்தின் பங்கு, இங்கே பதினாறு காசுக்கு மேல் ஏறிவிடுகிறது. விளம்பரங்கள் தொடர்ப் பந்தயத்தையே மிகுதியாகப் பரிந்துரைப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

விலை ஏன் மாறுகிறது?

காலையில் 1.40 என்றிருந்த விலை மாலையில் 1.30 ஆகலாம், எதிரியின் விலை 3.10-இலிருந்து 3.60 ஆகலாம். முதல் வீரரின் திறமை ஒரு பகலில் கூடிவிட்டதா? இல்லை. அவர்மேல் மிகுதியான பணம் வந்து விழுந்தது என்பதே பொருள். சந்தையில் மீன் குறைந்து வாங்குவோர் மிகுந்தால் விலை ஏறுவதுபோல், ஒரு பக்கம் பணம் குவிந்தால் நிலையம் அப்பக்கத்துக்குத் தரும் ஆதாயத்தைக் குறைத்து, மறுபக்கத்தைக் கவர்ச்சியாக்கும்.

எனவே பந்தய விகிதத்தை வெற்றி தோல்வியின் சாதகமாகக் கொள்ளுதல் தவறு. வல்லுநர் கணிப்பு, பொதுமக்கள் விருப்பம், நிலையத்தின் பங்கு ஆகிய மூன்றும் கலந்த விலை அது. புகழ்பெற்ற வீரர் மேல் இரசிகர்கள் அன்பினால் பணம் கட்டுவர். அந்த அன்பும் விலையில் சேர்ந்துவிடும். நமக்குத் தெரிந்த செய்தியெல்லாம், அதாவது இன்னவர் சென்ற மூன்று போட்டிகளிலும் வென்றார் என்பது போன்றவையெல்லாம், நாம் பார்க்கும் முன்பே விலைக்குள் அடங்கிவிட்டன. 'யார் வெல்வார்?' என்று அறிந்தால் போதாது. 'விலை சொல்வதைவிட அவர் வெல்லும் வாய்ப்பு மிகுதியா?' என்று அறியவேண்டும். நாள்தோறும் இதே தொழிலாக இருப்பவர்களுக்கும் இது அரிது. அரிதாக ஒருவர் தொடர்ந்து வென்றாலும், அவர் கட்டக்கூடிய தொகையைப் பல நிலையங்கள் குறைத்துவிடும்.

சில வேளைகளில் விலை மாறுவதற்கு வேறு காரணமும் இருக்கும். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த ஒரு போட்டிக்குச் சில மணி நேரம் முன்பு, ஒரு வீரர் முதற் சுற்றிலேயே தோற்பார் என்பதன் மேல் பணம் வந்து குவிந்தது. அவரும் முதற் சுற்றிலேயே தோற்றார். அவருக்கு முன்னமே காலில் காயம் இருந்தது பின்னர் வெளிப்பட்டது. அதை மறைத்ததற்காக நெவாடா மாநில ஆணையம் அவரைத் தடை செய்தது. பயிற்சிக்கூடத்துக்குள் இருப்பவர் அறிந்த செய்தி, ஆயிரம் காதத்துக்கு அப்பால் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எட்டுமா? எட்டாது. அவர் கட்டிய பணம் மட்டும் அங்கே எட்டும்.

பலசாலி ஏன் தோற்கிறார்?

கலப்புச் சண்டையின் முடிவை முன்கூட்டிச் சொல்வது மற்ற விளையாட்டுகளைவிடக் கடினம். ஐந்து காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, போட்டிகளின் எண்ணிக்கை குறைவு. கிரிக்கெட் வீரர் ஓர் ஆண்டில் பல முறை மட்டையைப் பிடிப்பார். சண்டை வீரர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையே களம் இறங்குவார். சில போட்டிகளைக் கொண்டு ஒருவர் திறமையைத் திட்டமாக அளவிட இயலாது.

இரண்டாவது, கையுறை மெல்லியது. ஏறக்குறைய 4 அவுன்சு எடையே உள்ளது. தொழில்முறைக் குத்துச்சண்டையிலோ 8 அல்லது 10 அவுன்சு. ஒரே ஓர் அடி பதினான்கு நிமிட மேன்மையை அழித்துவிடும்.

மூன்றாவது, வெல்லும் வழிகள் பல. குத்தில் வல்லவர் பிடியில் வீழலாம். பிடியில் வல்லவர் உதையில் சாயலாம்.

நான்காவது, எடை குறைப்பு. போட்டிக்கு முதல் நாள் எடை பார்க்கப்படுகிறது. அதற்காக உடலின் நீரை வற்றச்செய்து பல கிலோ குறைப்பவர்கள் உண்டு. மறுநாள் உடல் எந்த அளவு மீண்டது என்பது அவர்களுக்கே சரியாகத் தெரியாது.

ஐந்தாவது, நடுவர் தீர்ப்பு. இதற்கு நம் நாட்டு வீராங்கனை பூஜா தோமரின் போட்டியே சான்று. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த அவர் 2024-ஆம் ஆண்டு சூன் 8-ஆம் நாள் அமெரிக்காவின் லூயிவில் நகரில் வென்று, யு.எஃப்.சி. போட்டியில் வெற்றிபெற்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெருமையைப் பெற்றார். மூன்று நடுவர்களில் இருவர் மூன்று சுற்றுகளையும் அவருக்கே அளித்தனர். மூன்றாமவரோ மூன்று சுற்றுகளையும் எதிர்த்து ஆடியவருக்கு அளித்தார். களத்தின் ஓரத்தில் அமர்ந்து பார்த்த மூவருக்கே ஒரே சண்டை இருவகையாகத் தோன்றியது என்றால், நாள் கணக்கில் முன்னதாகக் கணிப்பவரின் நிலை என்ன?

எதிர்பார்ப்புப் பொய்த்த போட்டிகள் பல. 2015-ஆம் ஆண்டு நவம்பரில் மெல்பர்ன் நகரில் ரோண்டா ரவுசி என்னும் வெல்லப்படாத வீராங்கனை, ஹாலி ஹோமின் உதையால் இரண்டாம் சுற்றில் சாய்ந்தார். அன்று பந்தயப் பட்டியல்கள் யாவும் ரவுசியின் பக்கமே இருந்தன. நம் நாட்டு அன்ஷுல் ஜூப்ளி 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வென்று யு.எஃப்.சி.யில் இடம்பெற்றார், அதே ஆண்டு அக்டோபரில் அபுதாபியில் அவரே வெல்வார் என்று விலைகள் கூறியபோது, மூன்றாம் சுற்றில் மைக் பிரீடனிடம் வீழ்ந்தார். குத்துச்சண்டையிலும் 1990-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டோக்கியோ நகரில், 42-க்கு 1 என்ற விலையில் நின்ற பஸ்டர் டக்ளஸ், மைக் டைசனை வீழ்த்தினார்.

இவற்றைக் கேட்டு, 'அப்படியானால் தோற்பார் என்று சொல்லப்படுபவர் மேலேயே கட்டலாமே' என்று எண்ணிவிடாதீர்கள். 42-க்கு 1 என்ற விலையின் பொருள் 43 முறையில் ஒருமுறை என்பது. மற்ற 42 கதைகளை எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. வென்றவர் தம் கதையை ஊரறியச் சொல்வார். தோற்றவர் கதையைத் தலையணை ஒன்றே அறியும். ஆகவே நம் காதில் விழும் கதைகளெல்லாம் வெற்றிக் கதைகளாகவே இருக்கின்றன.

கடலும் ஒரு பந்தயமா?

'கடலுக்குப் போவதும் ஒரு பந்தயந்தானே? வலையில் மீன் படும் என்று யார் உறுதி கூறமுடியும்?' என்று பொழியூர்க்காரர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்ணெய்ச் செலவு, வலை, உழைப்பு யாவற்றையும் நிச்சயமற்ற பயனுக்காக அவர் முதலீடு செய்கிறார். அறிவும் துணிவும் வாய்ப்பும் அங்கே கலந்துள்ளன.

ஆனால் வேறுபாடு அடிப்படையானது. வள்ளம் கரைக்குத் திரும்பும்போது, முன்பு கரையில் இல்லாத மீன் கரையில் இருக்கிறது. அதைப் பங்கிட்டால் வள்ளக்காரருக்கும், வலைக்காரருக்கும், உழைத்தவருக்கும், கூடை சுமந்து விற்கும் பெண்களுக்கும் ஏதேனும் கிட்டும். பந்தயத்தில் புதிதாக விளைவது ஒன்றுமில்லை. ஒருவர் கையிலிருந்த பணம் மற்றொருவர் கைக்கு மாறுகிறது; மாறும் வழியில் ஒரு பங்கு குறைகிறது. கடலில் பட்டறிவு மிகமிக இழப்புக் குறையும். பந்தயத்தில் பட்டறிவு மிகமிகத் துணிவு மட்டும் கூடுகிறது; கட்டும் தொகையும் அதனோடு கூடுகிறது. திருக்குறளில் சூது என்றே தனி அதிகாரம் ஒன்று உண்டு. அங்கே சூதில் வரும் வெற்றி, மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிடப்படுகிறது. அந்த உவமையைக் கடற்கரை மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

சட்டம் கூறுவது

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பந்தய உடன்படிக்கை செல்லாது என்று கூறுகிறது. குறிப்பிட்ட சில குதிரைப் பந்தயப் பரிசுகளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. வென்ற பணத்தை எதிராளி தர மறுத்தால் நீதிமன்றம் சென்று பெறமுடியாது என்பது இதன் நடைமுறைப் பொருள். 1996-ஆம் ஆண்டில் சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கில், அது திறமை மேலோங்கிய விளையாட்டு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. திறமை, வாய்ப்பு என்னும் இப்பாகுபாட்டை முன்னிறுத்தியே பின்னாளில் கைபேசி வழிப் பணவிளையாட்டு நிறுவனங்கள் பல தமக்கு இடம் தேடின.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் அந்தப் பாகுபாட்டைக் கடந்து சென்றது. திறமையாயினும் வாய்ப்பாயினும், பணம் கட்டிப் பணம் பெறும் இணைய விளையாட்டை நடத்துவதை அது தடுக்கிறது. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் விதிக்கப்பட்டுள்ளன. விளையாடி இழந்தவரைக் குற்றவாளியாக அச்சட்டம் கருதவில்லை. ஆகவே இழந்தவர் அஞ்சி ஒளியவேண்டியதில்லை.

கடல்கடந்த நாடுகளிலிருந்து இயங்கும் பந்தய நிலையங்கள் வேறு வேறு பெயர்களில் முளைப்பது உண்டு. முதலில் சிறு தொகையை வெல்லவிட்டு, பெருந்தொகையை எடுக்க முயலும்போது 'கட்டணம் செலுத்துக' என்று மேலும் பணம் கேட்பது மோசடிக்காரர் வழக்கம். அங்கே விகிதமும் இல்லை, கணக்கும் இல்லை. வெறும் கொள்ளையே உண்டு. அவ்வாறு ஏமாந்தவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே முறையிடலாம். பந்தயத்தை விட நினைத்தும் விடமுடியாமல் மனம் வருந்துவோருக்கு 14416 என்ற அரசு மனநல உதவி எண் உண்டு, தமிழிலும் பேசலாம்.

முடிவாக

வெளிமாநிலத்தில் தனி அறையில் தங்கி உழைக்கும் நம் இளைஞருக்கு மாலைப்பொழுது நீண்டது. உற்றார் அருகில் இல்லை. 'ஏன் தம்பி, முகம் வாடியிருக்கிறாய்?' என்று கேட்பார் இல்லை. கைபேசி ஒன்றே துணை. ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் அதே கைபேசியில்தான் இருக்கிறது. பந்தயத்தின் வாசலும் அதே கைபேசியில்தான் இருக்கிறது. முதலில் பொழுதுபோக்காகத் தொடங்கி, இழந்ததை மீட்கக் கட்டி, அதை மீட்கக் கடன் வாங்கும் நிலைக்குச் சிலர் வந்துவிடுகின்றனர். இழந்ததை மீட்கவேண்டும் என்ற எண்ணம் தோன்றும் வேளையே நிறுத்தவேண்டிய வேளை. விகிதத்துக்கு உங்கள் இழப்புத் தெரியாது. அடுத்த போட்டியின் விலையில் அதற்காக ஒரு காசும் சலுகை இராது.

சண்டையைப் பாருங்கள், வீரரின் உழைப்பைப் போற்றுங்கள். விலைப் பட்டியல் கண்ணில் பட்டால், 100-ஐ அந்த எண்களால் வகுத்து, வந்த இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 100-க்கு மேல் எவ்வளவு நிற்கிறதோ, அந்த அளவு உங்கள் உழைப்பிலிருந்து யாரோ முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். உங்கள் அறையில் உடன் தங்கியிருக்கும் தம்பிக்கும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். மாதக் கடைசியில் வீட்டுக்குப் போய்ச் சேரும் பணத்தில் அதன் பயன் தெரியும்.